வேனில் வைத்த இரண்டாவது பேட்டரி

பள்ளிக்கூட விடுதியில் சமையல் ஸ்டோரைப் பல வருஷம் பார்த்தவள் நான். பால் கேனைத் திறந்ததுமே அதில் எவ்வளவு தண்ணீர் என்று என் மூக்குச் சொல்லிவிடும். அதனால் எங்கள் பழைய வேனை வீடாக மாற்றலாம் என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தபோதே, இந்த விஷயத்தில் ஒருத்தரையும் நம்புவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அவர் பூம்பாறைப் பூண்டையும் கேரட்டையும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறக்கிக்கொண்டிருந்த லாரி டிரைவர். வேலையை விட்ட பிறகு கையும் காலும் சும்மா இருக்கவில்லை. வேனுக்குள் கட்டில், அடுப்பு, குட்டி ஃப்ரிட்ஜ் எல்லாம் வைத்து ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று சுற்ற ஆசை. எனக்கும் ஆசைதான். ஆனால் அவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். மாஸ்க் மாட்டிக்கொண்டு, ஒரு மிஷின் காற்றை ஊத, அப்படித்தான் தூங்க வேண்டும். அது இல்லாமல் ஒரு ராத்திரிகூடத் தூங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வேனில் அந்த மிஷின் விடியும்வரை ஓடினால் ஊர் சுற்றலாம். ஓடாவிட்டால் வேனை விற்றுவிட்டு வீட்டில் கிடக்க வேண்டியதுதான்.

டவுனிலிருந்து எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். வேன் கதவருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து திட்டத்தை விளக்கினார்.

"அக்கா, வண்டி ஸ்டார்ட் பண்ற பேட்டரி மேல கையே வைக்கக் கூடாதுங்க. மிஷின், ஃப்ரிட்ஜ், லைட்டு எல்லாத்துக்கும் தனியா இன்னொண்ணு வைக்கணும்."

"ஒண்ணு விக்கிற எடத்துல ரெண்டு விக்கிறீங்க" என்றேன்.

"காலையில வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா யாரைத் திட்டுவீங்க?"

"உங்களத்தான்."

அவர் சிரித்தார். சிரிக்கிற ஆளை நான் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கவனிப்பேன். கூரையில் சோலார் வைக்கலாமே என்று கேட்டேன். கொடைக்கானல் மேகத்துக்கு அது பாதி நாள் சும்மா படுத்துக் கிடக்கும் என்றார். எஞ்சின் ஓடும்போது இரண்டு பேட்டரியும் ஒன்றாகச் சேர்ந்து சார்ஜ் ஏறும்படி நடுவில் ரிலே என்று ஒரு தானியங்கி சுவிட்ச். மலை இறங்கி அடிவாரம் போவதற்குள் ராத்திரிக்கு வேண்டியது ஏறிவிடும் என்று கணக்குச் சொன்னார். காற்றை ஈரமாக்க மிஷினில் தண்ணீரைச் சூடாக்கும் பாகத்தை அணைத்துவிட்டால் இன்னும் தாராளம். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். வீட்டுக் கரண்டில் ஏற்ற ஒரு சார்ஜரும் போட்டுக்கொள்ளலாம் என்று எலக்ட்ரீஷியன் இழுத்தார். பில்லை நீட்டுகிற வேலை என்று எனக்குப் பட்டது, வேண்டாம் என்றுவிட்டேன். அவர் போன பிறகு, பேட்டரியை யாரும் மாற்றிவிடக் கூடாது என்று அதன் அடியில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன்.

ராமேஸ்வரம் போவதற்கு முன்னால் சோதனையாக ஒரு ராத்திரி. ஃப்ரிட்ஜை முந்தைய நாளே ஓடவிட்டு, மறுநாள் மலை இறங்கி, அடிவாரத்தில் தெரிந்தவர் ஒருவரின் மாந்தோப்பில் வேனைப் போட்டோம். காட் ரோட்டு வளைவுகளில் எனக்குக் குடலே வெளியில் வந்துவிடும். எப்போதும்போல மாத்திரை போட்டு, சால்வையைத் தலைவரை இழுத்து, இறங்கும்வரை தூங்கினேன். அந்த மாத்திரையின் மயக்கம் ராத்திரிக்கும் மிச்சமிருந்தது.

வெள்ளனே எழுந்து பார்த்தால் கட்டிலில் ஆள் இல்லை. மாஸ்க் தொங்குகிறது, ஃப்ரிட்ஜ் சத்தமே இல்லை. அவர் டிரைவர் சீட்டில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார், கண் இரண்டும் செக்கச்செவேல்.

"இப்பத்தான் நின்னுச்சு" என்றார்.

வண்டியைத் திருப்பி மலை ஏறி வீட்டுக்கு வந்தோம். அங்கே பேட்டரி விற்ற கடைக்காரரை வரவழைத்துச் சோதிக்கச் சொன்னால், அவர் பேட்டரி முழு சார்ஜோடு ஜம்மென்று இருக்கிறது என்கிறார். கீழே செத்தது மேலே வந்ததும் எப்படிப் பிழைக்கும்? கடைக்காரர் மேல் சந்தேகம் வந்தது. குனிந்து பார்த்தேன், நகப்பூச்சு அப்படியே இருந்தது. எலக்ட்ரீஷியன் ஏதோ மட்டமான ரிலேயைத் தலையில் கட்டிவிட்டார் என்று தோன்றியது. அவர் வந்து கழற்றி, தட்டி, மாட்டிக் காண்பித்தார். அதுவும் சரியாகவே இருந்தது. கடைசியில் சந்தேகம் சொந்த வீட்டுக்குள்ளேயே வந்தது. மாஸ்க் இவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. இவரே மிஷினைப் பிடுங்கிவிட்டு, ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டு நாடகம் ஆடுகிறாரோ? சொல்லவில்லை. மனசுக்குள் வைத்துக்கொண்டு ரசத்தில் உப்பைக் கூட்டிப் போட்டேன்.

அடுத்த தடவை இறங்கும்போது மாத்திரை போடவில்லை. வாயில் ஒரு துண்டு இஞ்சியை அடக்கிக்கொண்டு, பின்னால் பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அதன் மேல் சின்ன மீட்டர் ஒன்று இருக்கும். பதினான்கு வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். டவுனைத் தாண்டும்வரை அப்படித்தான் காட்டியது. இறக்கம் ஆரம்பித்ததும் சட்டென்று பன்னிரண்டுக்கு விழுந்தது. காதைத் தீட்டினேன். டயர் உருளும் சத்தம் கேட்டது, காட்டுப்பூச்சி கத்துவது கேட்டது. எஞ்சின் சத்தத்தைக் காணோம்.

"ஏங்க, வண்டி ஆஃப் ஆயிருச்சா?"

"நாந்தான் ஆஃப் பண்ணேன். மலைதான் எறக்குதுல்ல, டீசல் எதுக்கு வீணா?"

பூண்டு லாரிக்காரர்களின் பழக்கம் அது. நியூட்ரலில் போட்டு, சாவியை மட்டும் திருப்பி வைத்து, மலை முழுக்க உருட்டியே இறக்குவார்கள். மிச்சமாகும் டீசல் டிரைவருக்கு. எஞ்சின் ஓடினால்தான் சார்ஜ் ஏறும் என்று அத்தனை தலையை ஆட்டிக் கேட்டவருக்கு, தான் எஞ்சினை அணைக்கிறோம் என்பதே ஞாபகத்தில் இல்லை. முந்தைய நாளே ஃப்ரிட்ஜ் குடித்துக் காலியாக்கிய பேட்டரியில் இறங்கும்போது ஒன்றும் ஏறவில்லை. திரும்ப மலை ஏறும்போது எஞ்சின் முக்கி முக்கி ஓடியதில் பேட்டரி நிறைந்திருக்கிறது. அதைத்தான் கடைக்காரர் பார்த்திருக்கிறார்.

"நிறுத்துங்க வண்டிய" என்றேன். ஓரங்கட்டினார். பிரேக்கும் கெட்டுத் தொலையுமே என்று ஆரம்பித்து, வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். "ஒங்க மூச்சு இதுலதான் கெடக்கு. அதப் போயி டீசலுக்கு வித்துட்டீங்களே" என்னும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் எஞ்சினைப் போட்டு, இரண்டாவது கியரில் இறக்கினார். மீட்டர் பதினான்கைப் பிடித்து அங்கேயே நின்றது. அடிவாரத்தில் டீக்கு நிறுத்தியபோதுதான் கேட்டார்.

"பேட்டரிக்குக் காவல் உக்காந்தியே, எம்மேலயும் சந்தேகப்பட்டியாக்கும்?"

"ஆமா. மாஸ்க்க கழட்டி வச்சிட்டு நாடகம் ஆடுறீங்கன்னு நெனச்சேன்."

டீயை ஊதினார். "அன்னைக்குக் காலையில, மிஷின் இப்பத்தான் நின்னுச்சுன்னு சொன்னது பொய்யி. படுத்தவுடனே நின்னுபோச்சு. கண்ண மூடுனா மூச்சு அடைக்கும்னு எந்திரிச்சு உக்காந்துக்கிட்டேன்."

"எழுப்புறதுக்கென்ன?"

"வீட்டுல தினமும் நீ முழிச்சுக் கெடந்து எம்மூச்சக் கேக்குறது எனக்குத் தெரியாதா? அன்னைக்குத்தான் அடிச்சுப் போட்டாப்ல தூங்குன. எழுப்ப மனசு வரல."

உலகத்தில் உள்ளவர்களை எல்லாம் சந்தேகப்பட்டேன், இதை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"இனிமே நின்னா, அந்த நிமிஷமே என்னைய எழுப்பணும்."

"எழுப்புறேன்" என்றார்.

ராமேஸ்வரம் போய்வந்தோம், கன்னியாகுமரியும் பார்த்தாயிற்று. மிஷின் இதுவரை நிற்கவில்லை, பேட்டரியை நான் நம்புகிறேன். எழுப்புவேன் என்று அவர் சொன்னதைத்தான் இன்னும் நம்பவில்லை.