அச்சடிக்க மறுத்த கல்வெட்டு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் அடித்து, லண்டன் டூட்டிங்கில் சொந்த அச்சுக்கூடம் போட்டேன். வங்கிக்காரன் கடன் இல்லையென்று கையை விரித்தான். இன்று அவன் மகளின் கல்யாணக் கார்டும் என்னுடைய மெஷினில்தான் அடிபட்டது. பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டு அழைப்பிதழோ, கோயில் நோட்டீசோ, கல்வெட்டோ, லண்டன் தமிழர் முதலில் தேடுவது இந்தச் செல்லையாவைத்தான்.

கல்வெட்டு என்றால் எங்கள் ஆட்களுக்கு விளங்கும். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு, அவருடைய படமும் வரலாறும் தேவாரமும் செத்த திகதியும் போட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் புத்தகம். மாதிரிக்குச் சிலவற்றைச் சுவரில் தொங்கவிட்டிருந்தேன். ஒருநாள் வந்த வெள்ளைக்காரச் சொலிசிற்றர் பெண், மாலை போட்ட அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, "இவர்களெல்லாம் தேர்தலில் நிற்கிறார்களா?" என்று கேட்டாள். "இல்லை மிஸ், எல்லாரும் படுத்துவிட்டார்கள்" என்றேன். சுகமில்லையாக்கும் என்று நினைத்து மிகவும் வருத்தப்பட்டாள்.

ஊரில், இலங்கை ஆமி பிடித்துக்கொண்டுபோய்க் காணாமற்போன எங்கள் ஆட்களைப் பற்றி ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு முறைப்பாடு அனுப்புகிறவள் அவள். நகல் எடுத்துக் கட்டிக் கொடுப்பது நான், காசு வாங்காமல். ஊரில் பக்கத்து வீட்டுப் பொடியனைப் பிடித்தபோது பொலிசுக்கு நாங்களும் போனோம். அப்படி ஒருவர் இல்லையென்று சிரித்து அனுப்பினார்கள். தொகையில் சிறிய சனத்துக்கு அரசாங்கமே எதிராளியானால் யாரிடம் போய் முறையிடுவது? ஒரு நாட்டையே கூப்பிட்டுக் கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறது என்பதை நான் டூட்டிங்கில், போட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுதான் அறிந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பின்னேரம், பரராசா என்ற பொடியன் தன் அண்ணன் குணராசாவின் படத்தோடு வந்தான்.

"அண்ணை, அம்மா ஊரிலை படுத்த படுக்கை. மூத்தவனுக்கு அந்தியேட்டி செய்யாமல் கண்மூடமாட்டன் எண்டு நிக்கிறா. ஒரு கல்வெட்டு அடிச்சுத் தாங்கோ."

"செத்த திகதி?"

"ஆமி பிடிச்ச நாளைப் போடுங்கோ."

அந்தப் படம் எனக்குத் தெரிந்த படம். குணராசாவின் மனைவி வசந்தா கொடுத்த முறைப்பாட்டில் நான்தான் அதை நகல் எடுத்தேன். வேறொரு குடும்பம் இப்படித்தான் கிரியை செய்து கல்வெட்டும் அடித்தது. 'வீட்டாரே செத்தவர் என்கிறார்கள்' என்று அரசாங்கம் ஜெனீவாவுக்குப் பதில் எழுதிக் கோப்பை மூடப் பார்த்ததாகச் சொலிசிற்றர் பெண் தலையில் கைவைத்துச் சொன்னது நினைவுக்கு வந்தது.

"அடிக்க ஏலாது" என்றேன்.

"லண்டனிலை வேறை ஆள் இல்லையோ?"

"ஈஸ்ட்ஹாமிலை ஒருத்தன் இருக்கிறான். உன்ரை அண்ணன்ரை பேரையே பிழையாய் அடிப்பான்."

வசந்தாவுக்குப் போன் போட்டேன். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து, நெற்றியில் குங்குமத்தோடு நேரே வந்தாள்.

"தம்பி, இருக்கிறாரோ இல்லையோ எண்டு பிடிச்சவங்களெல்லோ சொல்லவேணும். அவங்களுக்குப் பதிலாய் நீ ஏன் சொல்லுறாய்?"

"அப்ப அம்மாவுக்கு நான் என்னத்தைச் சொல்ல, அண்ணி?" என்றான் பரராசா. அவனிலும் பிழையில்லை.

நான்தான் வழி சொன்னேன். "அர்ச்சனை உயிரோடை இருக்கிறவைக்குத்தானே செய்யிறது. ஈலிங் அம்மனுக்குச் செய்விச்சு விபூதியை ஊருக்கு அனுப்பு. மகன்ரை பேரிலை செய்ததெண்டு மட்டும் சொல்லு. அந்தியேட்டியெண்டு அவ நினைச்சால் நினைக்கட்டும்."

"அச்சுக்கூடத்தைப் பூட்டிப்போட்டு ஐயர் வேலைக்குப் போங்கோ அண்ணை" என்றான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்க, "குணராசா, ரேவதி" என்று வசந்தா கோயில் முழுக்கக் கேட்கச் சொன்னாள். அந்த விபூதியைப் பூசிக்கொண்டுதான் தாய் கண்மூடியதாகப் பிறகு கடிதம் வந்தது.

அடுத்த வருடம், குணராசாவுக்கு வீட்டார் கிரியை செய்துவிட்டார்களாமே என்று அரசாங்கம் கேட்டது. இல்லை என்று சொலிசிற்றர் பெண் நெஞ்சை நிமிர்த்திப் பதில் எழுதினாள். கோப்பு மூடப்படவில்லை. குணராசா வரவுமில்லை. ஊரில் அவர் கிணற்றில் வேறு யாரோ தண்ணீர் அள்ளுகிறார்கள். அவருக்கு ஜெனீவாவில் ஒரு கோப்பும் ஈலிங்கில் மாதம் ஓர் அர்ச்சனையும் இருக்கின்றன.

இப்போது இங்குள்ள எங்கள் தமிழர் சங்கம் சிறப்பு மலர் போடுகிறது. நன்றிப் பக்கத்தில் சட்டத்தரணிகள், டொக்டர்மார் எல்லாரும் இருக்கிறார்கள். நான் மட்டும் பின்னட்டையில், 'அச்சிட்டவர்' என்று. அது போதாது. 'குணராசாவுக்குக் கல்வெட்டு அச்சடிக்க மறுத்தவர் செல்லையா' என்று நன்றிப் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில் போடுங்கள். அந்த மனிதன் ஒருநாள் வந்தால், வாசிக்கவேண்டும்.