மண்ணாங்கட்டி வெட்டிய குழி

எர்ணாவூர் மண்ணாங்கட்டி, சாவதற்கு இரண்டு வருஷம் முன்பே தனக்குக் குழி வெட்டிக்கொண்டார். கிழவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊர் சிரித்தது. ஊருக்கென்ன, சிரிக்கக் காசா பணமா?

முதல் மூன்று பிள்ளைகளும் தங்காமல் போனதால், நாலாவதை எமன் கண்டுகொள்ளக் கூடாது என்று அவருக்கு அப்படிப் பெயர் வைத்தார்கள். எமனும் வெகுகாலம் கண்டுகொள்ளவில்லை. கடலோர மணல் அது. உப்புத் தண்ணீர் மேலேறிவிடாதபடி கிணற்றில் அளவாக மொண்டு, குடம் குடமாகச் சுமந்து ஊற்றி, கீரையும் கத்திரியும் விளைவித்தார். மனைவி முன்னாடியே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆண் பிள்ளை இல்லை. ஒரே மகள் கன்னியம்மா; புருஷன் விட்டுப் போனதால் அப்பாவோடு வந்து தோட்டத்தில் பாடுபட்டாள். அந்தக் கீரையைக் கூடையில் சுமந்து தண்டையார்பேட்டையில் விற்ற தாயம்மா என் மாமியார். இதெல்லாம் அவள் வாயால் கேட்டதுதான். அவளைப் பற்றி நான் நல்லதாக எழுதுவது இதுவே முதல் தடவை.

மண்ணாங்கட்டியின் தம்பி மகன் கிருஷ்ணப்பன் துறைமுகத்தில் மேஸ்திரி. வெள்ளைச் சட்டை, வாயில் எந்நேரமும் வெற்றிலை. அந்தப் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்ற பேச்சு கிளம்பியதும், பெரியப்பா மேல் அவனுக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. மண்ணாங்கட்டி நிலத்தைக் கன்னியம்மா பேரில் எழுதிப் பதிவு செய்த அன்றே அந்தப் பாசம் வற்றிவிட்டது.

"எழுதிக்கோ பெரிப்பா," என்றான். "நீ பூட்டா பாடையத் தூக்கறது யாரு? கொள்ளி வெக்கறது யாரு? பங்காளிங்க நாங்கதான. நெலத்த வுட்டுத் தரேன்னு உன் பொண்ணு கைநாட்டு வெச்சாத்தான் பொணம் எழும்பும்."

அது வெறும் மிரட்டல் இல்லை. பக்கத்துத் தெரு வேம்பு செத்தபோது அதைத்தான் செய்தார்கள். பங்காளி ஒருவனும் பாடையைத் தொடவில்லை. வெயில் ஏறியது. புருஷன் உடம்பு ஊதுவதைப் பார்க்கச் சகிக்காமல் அவன் பெண்டாட்டி கைநாட்டு வைத்தாள். சுடுகாட்டுக்குப் பெண்கள் போகக் கூடாது என்பது வழக்கம், வேறென்ன செய்வாள்?

மண்ணாங்கட்டி மறுநாளே நிலத்தின் நடுவில், இருப்பதிலேயே மேடான இடம் பார்த்து, மண்வெட்டியைப் போட்டார். வழியோடு போன கிருஷ்ணப்பன் நின்றான்.

"இன்னா பெரிப்பா, கெணறு வெட்டிகினு கீறியா?"

"எனக்குக் குயி வெட்டிகினு கீறேன். பொதைக்கறதுக்குக் கொள்ளி வேணாம். இங்கியே பொதைச்சா பாடையும் வேணாம்."

"மண்ணு தள்றது யாரு? சுடுகாட்டுக்குப் பொம்பள வர்ற வயக்கம் கீதா?"

"சுடுகாட்டுக்கு வரக் கூடாதுதான். அவ கத்திரித் தோட்டத்துக்கு அவ வரலாமில்ல?"

மேஸ்திரிக்கு அன்றைக்கு வெற்றிலை கசந்திருக்கும்.

மணல் பூமியாயிற்றே, ஒவ்வொரு மழைக்கும் குழி சரிந்து தூர்ந்தது. ஒவ்வொரு முறையும் கிழவர் இறங்கி வெட்டினார். "நைனா, பாக்கவே ஒரு மாதிரி கீது, வுட்டுடேன்," என்று கன்னியம்மா அழுதாள்.

"அழுவறத நான் பூட்டப்புறம் வெச்சுக்கோ. இப்ப மண்ண வாங்கி அப்பால கொட்டு," என்றார். போகப் போக, அவருக்கு மூச்சு வாங்கியபோது அவளே இறங்கி வெட்டினாள்.

ஐம்பத்து நாலாம் வருஷக் கோடையில் ஒருநாள், நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. விடிந்ததும் பங்காளிகள் வந்து வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒரு பேச்சுக்குக்கூட அழவில்லை. கிருஷ்ணப்பன் தயாராக எழுதிக் கொண்டுவந்த பத்திரத்தையும் மை டப்பாவையும் எடுத்து வைத்தான்.

கன்னியம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை. அப்பாவைக் குளிப்பாட்டினாள், வேட்டி மாற்றினாள். வழக்கம்போலக் கீரை வாங்க வந்த தாயம்மாவிடம், "யக்கா, பாயோட அந்தத் தலைப்பப் புடி," என்றாள்.

"பொம்பளைங்க தூக்கினா ஊரு இன்னா சொல்லும்டி?" என்று கேட்டுக்கொண்டே என் மாமியார் பிடித்தாள். இரண்டு பேரும் கோரைப் பாயோடு அவரைத் தூக்கி, நடுவில் இறக்கி மூச்சு வாங்கி, மறுபடி தூக்கி மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். கன்னியம்மா குழிக்குள் இறங்கி, அப்பாவைக் கையில் வாங்கிப் படுக்க வைத்தாள். ஏறி வந்து மண்ணைத் தள்ளினாள். ஊர் ஆண்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். என்ன சொல்லித் தடுப்பது? அவள் நின்றது அவள் நிலத்தில்.

குழி மூடியதும்தான் கிருஷ்ணப்பனுக்கு உறைத்தது. தூக்க மாட்டேன் என்று சொல்ல இனிமேல் பிணம் இல்லை. மை டப்பாவும் கையுமாகக் கத்திரிச் செடிகளுக்குள் புகுந்து ஓடிவந்தான். "பொட்டச்சி மண்ணு தள்ளின கட்ட கரையேறாது," என்றான். "ஊரு உன்ன ஒதுக்கி வெச்சிடும். மருவாதியா கைநாட்டு வெய்யி."

கன்னியம்மா மண்வெட்டியை நிமிர்த்திப் பிடித்தாள்.

"செடிய மெதிக்காத அண்ணா," என்றாள். "வரப்பு மேல நடந்து வெளிய போ."