இரண்டு மடக்கு மாம்பழ ஜூஸ்

ஊசியின் மேல் ஒரு குற்றமும் இல்லை. குழந்தையைச் சாய்த்தவள் நான்தான்... கேட்டுக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் மகன் ஜெரினுக்கு ஒன்றரை வயது. பிறவியிலேயே பழச்சர்க்கரை ஆகாத உடம்பு. பழம், தேன், வெல்லம், மிட்டாய் எதுவும் கூடாது. ஈரல் கெட்டுவிடும், மயக்கமே வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் நம்பவில்லை. இனிப்பு ஒரு பிள்ளைக்கு விஷமாகுமா? ஒரு வாய் கொடுத்தால் என்னதான் ஆகும்? மாதக்கணக்கில் இதே கேள்வி என்னைக் குடைந்துகொண்டிருந்தது.

ஆவடியில் தடுப்பூசி போடப் போயிருந்தோம். “டாக்டர், இதுல சக்கரை கிக்கரை எதுனா கீதா?” என்று அண்ணி கேட்டாள். அவர் மருந்துப் பெட்டியிலிருந்த தாளை எடுத்து வரிவரியாகப் படித்தார்.

“சில மருந்துல இருக்கும்மா. இதுல இல்ல. போட்டுட்டு அரை மணி நேரம் உட்கார்ந்துட்டுப் போங்க.”

ஊசி போட்டதும் அண்ணி அட்டையில் எழுதி வாங்கப் போனாள். அழுத பிள்ளை என் மடியில். கையில் நான் குடித்து மிச்சம் வைத்த மாம்பழ ஜூஸ்... வாயருகே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஊசி போட்ட பிள்ளைக்கு இனிப்புத் தருவது எங்கள் வீட்டு வழக்கம்தானே என்று எனக்கே சாக்குச் சொல்லி, கொஞ்சிக் கொஞ்சி இரண்டு மடக்கு புகட்டிவிட்டேன். பிறகு அவன் முகத்தையே பார்த்திருந்தேன். பாசத்தால் அல்ல... என்ன ஆகிறதென்று பார்க்க.

வாந்தி எடுத்தான். வேர்த்துக் கொட்டியது. கைகால் துவண்டு போயிற்று.

“வேற ஏதாவது குடுத்தீங்களா?” டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

“இல்ல டாக்டர்.”

எப்படி அத்தனை சுலபமாக வந்தது அந்தச் சொல்? இன்றும் எனக்கு விளங்கவில்லை. நல்லவேளை, அவன் உடம்புக்கு ஆகிற சர்க்கரையான குளுக்கோஸை ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

அன்றோடு அண்ணி ஊசிப் பேச்சையே விட்டுவிட்டாள். தட்டம்மை ஊசி இன்னும் பாக்கி. பக்கத்துத் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை கண்டிருக்கிறது. நேற்று செவிலியர் வீட்டுக்கே வந்து, “பெரிய டாக்டரைக் கேட்டு, இவனுக்கு ஆகிற மருந்தாப் பார்த்துப் போடலாம்மா” என்று கெஞ்சினார்.

“ஊசி போட்டதுக்கு அப்புறம்தான் சுருண்டான் சிஸ்டர். என் நாத்தனார் மடியிலதான் கெடந்தான். நம்பலன்னா அவளையே கேளுங்க.”

செவிலியர் என் பக்கம் திரும்பினார். ஜெரின் என் காலைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

“ஆமாங்க” என்றேன்.