பொத்தான் போடாத கோட்டு

எழுபதுகளில் மொன்ட்ரியாலிலிருந்து பியர்பொன்ட்ஸ் பக்கம் போகும் மாலை ரயிலில் எனக்கு எதிரே உட்காருவார் ஒரு கணிதப் பேராசிரியர். நம்மூர்க்காரர். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி. எந்தக் குளிரிலும் ஓவர்கோட்டுக்குப் பொத்தான் போடமாட்டார். நடுங்கிக்கொண்டே வருவார்.

ஒருநாள் காரணம் கேட்டுவிட்டேன்.

"பொத்தான் போட்டா கையைத் தூக்க வராது சார். ஹவாய்ல படிச்சப்போ ரெண்டு சண்டை வித்தை கத்துக்கிட்டேன். கெம்போ, கஜுகென்போ. அண்ணன் தம்பி மாதிரி. கெம்போல கை ஓயாம அடிச்சுக்கிட்டே இருக்கணும். கஜுகென்போல அடியும் உண்டு, ஆளைப் புரட்டிக் கீழ தள்றதும் உண்டு."

"தற்காப்புக்கு எது சார் நல்லது?"

"தெருச் சண்டைக்குக் கஜுகென்போதான். ஆனா அங்க வெறுங்காலோட கத்துக்கிட்டது. இங்க பனியில பூட்ஸோட ஒருத்தனைப் புரட்டினா நாமளும் சேர்ந்து விழுவோம். இந்த ஊருக்குக் கெம்போ போதும்."

இத்தனை உற்சாகமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்தத் தைரியத்தில், "எப்பவாவது உபயோகப்பட்டுதா?" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போன வருஷம் மெட்ரோ வாசல்ல ஒருத்தன், உன் நாட்டுக்குப் போடான்னு மூஞ்சியில அடிச்சான். கோட்டு திறந்துதான் இருந்தது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் அவன்கிட்ட 'சாரி'ன்னு சொன்னேன்."

அவருடைய ஸ்டேஷன் வந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இனியாவது பொத்தானைப் போட்டுக்கொள்வார் என்று பார்த்தேன். கோட்டின் இரண்டு பக்கமும் காற்றில் படபடக்க, கைகளை விறைப்பாக வைத்துக்கொண்டு நடந்து போனார்.