ஐம்பதைத் தாண்டினால் கேட்கும் சத்தம்

பழையகாயலைத் தாண்டி முக்காணிக்குப் போகும் வழியில், ஒரு வியாழக்கிழமை காலையில்தான் சந்தனச்செல்வி அந்தச் சத்தத்தை முதலில் கேட்டாள். சவாரியை ஏற்றிக்கொள்ளக் காயல்பட்டினத்துக்கு வெறும் வண்டியாகப் போய்க்கொண்டிருந்தாள். வேகமுள் ஐம்பதைத் தாண்டியதும் காலுக்குக் கீழே எங்கோ ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் எழுந்தது. அறுபதில் அது கனத்தது. எழுபதில், மாவுமில்லின் பின்சுவரை ஒட்டிய வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல வண்டி முழுக்க நிறைந்துவிட்டது. காலை எடுத்து வேகத்தை நாற்பதுக்கு இறக்கினால் சத்தமே இல்லை.

அவளுக்கு நாற்பத்தேழு வயது. வீடு முத்தையாபுரத்தில். புருஷன் வன்னியபெருமாள் துறைமுகத்தில் சரக்குப் பெட்டி லாரி ஓட்டியவன். லாரி போதும் என்று ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கி வாடகைச் சவாரி எடுத்தான். எட்டு மாதம்தான் ஓட்டினான். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவப் போனவன் குழாயடியிலேயே சரிந்தான். அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. காரை விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னபோது, அவள் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய்ச் சேர்ந்தாள். மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள், அங்கே ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். ஞாயிறும் ஷிப்ட் விழுந்தால் அதுவும் இல்லை.

கார் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அவளை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். அவள் வந்தால் பீடியை அணைப்பார்கள், பேச்சையும் நிறுத்திவிடுவார்கள். அந்த மரியாதை தாங்காமல் கொஞ்ச நாளில் அவள் ஸ்டாண்டுக்குப் போவதை விட்டுவிட்டாள். போனில் வரும் சவாரிகளை மட்டும் எடுத்தாள். கப்பலிலிருந்து இறங்கும் மாலுமிகளை வாகைக்குளம் விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவாள். திருச்செந்தூருக்குப் போகும் குடும்பங்களை ஏற்றுவாள். சில நாட்களில் ‘எங்கே போகணும்’, ‘இறங்குங்க’ என்ற இரண்டுக்கு மேல் அவள் வாயிலிருந்து வேறு சொல் வந்திருக்காது.

சத்தம் கேட்ட மறுநாளே மெக்கானிக் ஜெனிஸின் ஷெட்டுக்குப் போனாள். ஜெனிஸ் கைராசிக்காரன், ஆனால் போனும் கையுமாக இருப்பான். காரில் ஏறி, பேசிக்கொண்டே மார்க்கெட் ரோட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தான்.

“ஒண்ணும் கேக்கலயேக்கா.”

“அம்பதைத் தாண்டணும் ஜெனிசு. இந்த ரோட்டுல முப்பது போவியா நீ?”

“டயர் தேஞ்சிருக்கு. அதுதான் இரையுது. டயரை மாத்திப் போடுங்க.”

மாற்றிப் போட்டாள். சத்தம் அப்படியே இருந்தது. மறுபடியும் போனாள். சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பார்க்கச் சொன்னான், அதையும் செய்தாள். மூன்றாவது தடவை அவன் கையைத் துடைத்துக்கொண்டே, கேலியில்லாமல், இரக்கத்தோடுதான் சொன்னான்.

“யக்கா, தப்பா நெனைக்காதீங்க. பேச்சுத் துணைக்கு ஆளில்லாத வண்டியில எல்லாமே சத்தமாத்தான் கேக்கும். ஒரு பாட்டைப் போட்டு விடுங்க, சரியாப் போயிரும்.”

கேலி செய்திருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். அவன் முகத்தில் இருந்ததோ இரக்கம். சரி என்று வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் நிலைமை மோசமானது. வீட்டில் தனியாக உட்கார்ந்து சோறு தின்னும்போதும் அந்த முனகல் கேட்பதுபோல இருந்தது. பிரிட்ஜை நிறுத்திப் பார்த்தாள். மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையோடு உட்கார்ந்து காது கொடுத்தாள். பக்கத்து வீட்டு மிக்சியா, தெருவில் போகும் லாரியா, தன் தலைக்குள்ளேயேதானா என்று பிரித்தறிய முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொல்ல வாயெடுத்தாள். “அம்மா, தனியா இருந்து இருந்து உனக்கு என்னமோ ஆயிட்டு” என்று அவளும் சொல்லிவிட்டால்? சொல்லாமல் போனை வைத்தாள்.

கடைசியில் காது டாக்டரிடம் போனாள். டாக்டர் ஜெபசுதா ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார். செல்வி பரீட்சை எழுதுகிற பிள்ளைபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

“உங்க காது நல்லாயிருக்கும்மா. உங்க வயசுக்கு இவ்வளவு நல்லா எல்லாருக்கும் கேக்காது.”

“அப்போ அந்தச் சத்தம் நெசமா இருக்குதா டாக்டர்?”

டாக்டர் சிரித்துவிட்டார். “நான் காதைத்தாம்மா பாக்க முடியும். காரைப் பாக்க முடியாதே.”

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. காது சரி என்றால் கோளாறு வண்டியில்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, லாரிகள் குறைவாக இருக்கும் நேரம் பார்த்துத் துறைமுகத்துக்குப் போகும் அகலச் சாலைக்கு வண்டியை ஓட்டிப்போனாள். இரண்டு பக்கமும் உப்பளம். அறுபது வரை விரட்டி, கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு வண்டியை அதன் போக்கில் உருள விட்டாள். இன்ஜின் அடங்கிவிட்டது. முனகல் அடங்கவில்லை. அப்படியானால் இன்ஜின் இல்லை, கியர்பெட்டியும் இல்லை. பிறகு புதிதாகத் தார் போட்ட இடத்திலும், பழைய சொரசொரப்பான சிமெண்டு இடத்திலும் மாற்றி மாற்றி ஓட்டினாள். டயர் இரைச்சல் சாலைக்குச் சாலை மாறும் என்று வன்னியபெருமாள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவிருந்தது. இது மாறவே இல்லை. சக்கரம் சுற்றும் இடத்தில்தான் ஏதோ. ஆனால் நான்கில் எது? முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவளுக்குச் சத்தம் நாலா பக்கமும் இருந்து வந்தது. பின்சீட்டில் ஒருவர் உட்கார்ந்து கேட்டுச் சொல்ல வேண்டும். யாரைக் கூப்பிடுவது? போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தாள். எல்லாம் சவாரிகளின் பெயர்கள்.

திங்களும் வியாழனும் அவளுக்கு ஒரு நிரந்தரச் சவாரி உண்டு. காயல்பட்டினத்து ருகையா. அறுபதைத் தாண்டிய பெண். புருஷன் முத்துவாப்பா காலமாகிவிட்டார். மகன் ஹாரிஸ் துபாயில், மகள் இல்மா சென்னையில். சிறுநீரகம் கெட்டுப்போய் வாரம் இரண்டு தடவை தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஏழு மாதமாக செல்விதான் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறாள். முதலில் ஒன்றிரண்டு நாள் ‘ராத்தா’ என்று அக்கா முறை வைத்துப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். “ம்” என்பதற்கு மேல் பதில் வரவில்லை. போகும்போது ருகையா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள். திரும்பும்போது பின்சீட்டில் சுருண்டு படுத்துவிடுவாள். அவளை எதற்குத் தொந்தரவு செய்வது என்று செல்வியும் விட்டுவிட்டாள்.

அந்தத் திங்கட்கிழமை ஆத்தூர் பாலம் தாண்டியதும் செல்வி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“ராத்தா, ஒண்ணு கேக்கட்டுமா? வண்டி வேகமாப் போகையில உங்களுக்கு எதாவது சத்தம் கேக்குதா?”

கண்ணாடியில் பார்த்தாள். ருகையா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“ஊன்னு... தேன்கூட்டுக்குள்ள தலையை விட்டமாதிரியா?”

“ஆமா ராத்தா! அதேதான்!”

“அது உன் வண்டிச் சத்தமா?” ருகையாவின் குரல் உயர்ந்தது. “நான் என் காதுக்குள்ள கேக்குதுன்னுல்ல இருந்தேன்! வரும்போது படுத்திருப்பேன்லா, அப்ப இன்னும் கூடக் கேக்கும். கிட்னி போச்சு, அடுத்தது காது போகுதாக்கும்னு நெனைச்சு ஒரு மாசமா ஒருத்தர்ட்டயும் சொல்லல. ஹாரிஸ்ட்ட சொன்னா வேலையை விட்டுட்டு வந்து நிப்பான்.”

“நானும் எங்காதுன்னு நெனைச்சு டாக்டர்ட்ட போயிட்டு வந்தேன் ராத்தா.”

“காது டாக்டர்ட்டயா?”

“ஆமா. பட்டனை அமுக்கச் சொன்னாங்க.”

ருகையா சிரித்தாள். மெலிந்த உடம்பு குலுங்கக் குலுங்க சிரித்து, கடைசியில் இருமல் வந்து நின்றது. செல்வி தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டினாள். அந்தப் பெண்ணின் சிரிப்பை அவள் அன்றுதான் கேட்டாள்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று ருகையாவே கேட்டாள். செல்வி சொன்னாள். வண்டியை வலப்பக்கம் வளைத்தால் பாரமெல்லாம் இடது சக்கரங்களில் விழும். இடப்பக்கம் வளைத்தால் வலது சக்கரங்களில் விழும். பழுதான சக்கரம் பாரம் விழுந்தால் கூடுதலாக முனகும். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை வைத்துக்கொண்டு அப்படியும் இப்படியும் வண்டியை ஆட்ட முடியாது.

“போகும்போது நான் நல்லாத்தானே இருக்கேன். வரும்போதுதான் துணி மாதிரிக் கெடப்பேன். ஆட்டு, பாப்போம்.”

பழையகாயலைத் தாண்டிச் சாலை நேராக ஓடும் இடத்தில், முன்னாலும் பின்னாலும் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு செல்வி அறுபதைத் தொட்டாள். ஸ்டியரிங்கை மெல்ல வலப்பக்கம் ஒடித்தாள்.

“கூடுது, கூடுது!” என்றாள் ருகையா.

இடப்பக்கம் ஒடித்தாள்.

“ஆங், கொறைஞ்சுட்டு. அல்லாவே, நின்னேபோச்சு.”

“இடது பக்கம்தான். முன்னாலயா பின்னாலயா ராத்தா?”

ருகையா இடது ஓரத்துக்கு நகர்ந்து, சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே சக்கரத்துக்கு மேலே புடைத்திருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். மறுபடி ஒடிக்கச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பவள்போல இருந்தாள்.

“இங்கனதான் செல்வி. எங்கைக்குக் கீழ துடிக்குது.”

ஏழு மாதத்தில் அவள் பெயரைச் சொல்லி ருகையா கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு செல்வி நேராக ஜெனிஸிடம் போனாள். “பின்னால இடது சக்கரம். பேரிங்கு. தூக்கிப் பாரு” என்றாள். அவன் ஏதோ சொல்ல வந்தவன், அவள் நின்ற நிலையைப் பார்த்து ஜாக்கியை எடுத்தான். சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்றிவிட்டு, மறுகையைச் சக்கரத்துக்கு மேலிருக்கும் சுருள் வில்லின்மேல் வைத்தான். அவன் முகம் மாறியது. செல்வியையும் தொட்டுப் பார்க்கச் சொன்னான். மணலை அரைப்பதுபோலக் கரகரவென்று விரலுக்கு ஏறியது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லேசாக ஆடியது.

சக்கரத்தைச் சுழல வைக்கும் அந்தப் பேரிங்கைக் கழற்றியபோது உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருப்பிடித்த சேறு இருந்தது.

“உப்புத் தண்ணிக்குள்ள விட்டீங்களாக்கா?”

விட்டிருந்தாள். ஐப்பசி மழையில் உப்பளம் நிறைந்து தண்ணீர் சாலைமேல் ஓடிய அன்று, ருகையாவுக்கு முறை தவறக்கூடாது என்று சக்கரம் முங்க ஓட்டிப் போயிருந்தாள்.

“இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தா சக்கரம் இறுகியிருக்கும். இல்லாட்டி கழண்டு ஓடியிருக்கும்” என்றான் ஜெனிஸ். பிறகு தலையைத் தூக்காமலே, “நான் அன்னைக்கு வேகமா ஓட்டிப் பாத்திருக்கணும்” என்றான். போன் இரண்டு தடவை அடித்தது. எடுக்கவில்லை. புதிய பேரிங்கை இறுக்கிப் பூட்டி, அவளையே ஓட்டச் சொல்லி, பின்சீட்டில் வாய்மூடி உட்கார்ந்து துறைமுகச் சாலை வரை கூட வந்தான்.

எண்பதில் போனார்கள். காற்றுச் சத்தம் மட்டும்தான்.

சாயங்காலம் ருகையாவைக் கூட்டிவரும்போது சீட்டில் படுத்திருந்தவள் பாதித் தூக்கத்தில் கேட்டாள்.

“போயிருச்சா?”

“போயிருச்சு ராத்தா.”

“ஓட்டு. தூங்குதேன்.”

அதன் பிறகு இரண்டு மாதம் அவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். போகும்போது மட்டும்தான். ருகையா பேசத் தொடங்கினால் விடமாட்டாள். கல்யாணமான புதிதில் முத்துவாப்பா இலங்கையிலிருந்து கொண்டுவந்த புடவையைப் பற்றியும், பெரிய வீட்டில் ஒரே ஒரு அறையில் மட்டும் விளக்குப் போட்டுக்கொண்டு இருப்பதைப் பற்றியும் சொன்னாள். செல்வி குழாயடியில் வன்னியபெருமாள் விழுந்ததைச் சொன்னாள். அதை முழுசாக யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. தண்ணீர் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்ததையும், அவனைத் தூக்குவதற்கு முன் தான் போய்க் குழாயை மூடியதையும், ஏன் முதலில் அதைச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை என்பதையும் சொன்னாள். முத்தையாபுரம் வரும்வரை ருகையா அவள் தோள்மேல் பின்னாலிருந்து கையை வைத்திருந்தாள்.

பங்குனியில் இல்மா வந்தாள். உம்மாவை இனித் தனியாக விட முடியாது, சென்னையில் வீட்டுக்குப் பக்கத்திலேயே நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். ரயிலேற்றிவிட செல்விதான் கூட்டிப்போனாள். அன்று காரில் நான்கு பேர் இருந்தார்கள், பெட்டிகள் இருந்தன. இல்மாவின் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு வந்தன. ருகையாவும் செல்வியும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த திங்கட்கிழமை செல்வி ஐந்து மணிக்கு எழுந்து காரைக் கழுவினாள். கழுவி முடித்துத் துணியைப் பிழியும்போதுதான் போக இடமில்லை என்பது உறைத்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

பத்து நாள் கழித்து, வெறும் வண்டியாகப் போகும்போது, அவளே போன் போட்டாள்.

“எப்படி இருக்கீங்க ராத்தா?”

“இருக்கேன். இங்க ஏ.சி. வண்டி, சத்தமே இல்ல. டிரைவர் தம்பி காதுல எதையோ மாட்டிக்கிட்டு வாரான். மக போனைப் பாத்துக்கிட்டு வாரா.” கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். “நீ யாரை ஏத்திட்டுப் போற?”

“இன்னிக்கு ஒருத்தரும் இல்ல ராத்தா.”

“அப்போ சும்மா பேசு. நான் படுத்துத்தான் கெடக்கேன்.”

செல்வி காரை உப்பளத்து ஓரத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டாள். எதிரே ஒரு டிராக்டரில் உப்பு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதைச் சொல்லிப் பேச்சை ஆரம்பித்தாள்.