குளத்தில் வந்த சந்தோசம்

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தவள். கணவர் காலமான பிறகு எனக்குச் சிரிப்பே வரவில்லை. ஆஸ்பத்திரி டொக்டர், "அம்மா, மனதிலை என்ன கவலை?" என்று கேட்டுக் குளிசை தந்தார். ஒட்டுசுட்டானில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் நாடி பிடித்து, "பசிக்குதோ? நித்திரை வருதோ? அது சரிவந்தால் சந்தோசம் தன்பாட்டிலை வரும்" என்று லேகியம் தந்தார். ஒருவருக்குச் சொல்லாமல் மற்றவருடையதையும் சாப்பிட்டேன்.

ஒருநாள் காலை குளத்தில் குளிக்க இறங்கினேன். உடம்பு பஞ்சாகிவிட்டது. தாமரைப் பூக்கள் என்னைச் சுற்றி மெல்ல ஆடின. பரியாரியார் சொன்ன சந்தோசம் இதுதான் என்று சிரித்துக்கொண்டே தண்ணீரில் சாய்ந்தேன்.

கூட வந்த மருமகள் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமி, தண்ணிக்குள்ளை தாண்டு போறியள்! அதிலை என்ன சிரிப்பு?" அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்; இரண்டு மருந்தும் சாப்பிட்டதை அங்கே சொல்லவேண்டி வந்தது.

"அது சந்தோசமில்லையம்மா, ரெண்டு மருந்தும் சேர்ந்த மயக்கம்" என்றார் டொக்டர்.

அன்று பின்னேரம் மருமகள் ஏசி ஏசிப் போட்ட சோற்றை இரண்டாம்முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இப்போது லேகியப் போத்தலை டொக்டருக்கும், குளிசையைப் பரியாரியாருக்கும் காட்டாமல் ஒன்றையும் வாயில் வைப்பதில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதியவள் பேத்தி. "எங்கை பிள்ளை, ஒருக்கா வாசி பாப்பம். கொண்டையைப் பிடிச்சதையும் எழுதிப்போட்டியே?"