வீடு, ரேஸ் என்று எழுதிய சுவிட்ச்

ஆமை என்ற பெயரை அவருக்கு வைத்தவர்கள் பஸ் டிப்போவில் உடன் வேலை செய்த மெக்கானிக்குகள். ஒரு நட்டை மூன்று முறை துடைத்துப் பார்த்துத்தான் மாட்டுவார். மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவி வரும்போது அவர் அப்போதுதான் டப்பாவைத் திறந்துகொண்டிருப்பார். அப்படிப்பட்ட மனிதருக்குக் கார் பந்தயத்தில் பைத்தியம் என்றால் யாரும் முதலில் நம்ப மாட்டார்கள். வளைவு இல்லாத நானூறு மீட்டர் சாலை, இரண்டு கார்கள், விளக்குப் பச்சையானதும் பாய வேண்டும், அவ்வளவுதான் பந்தயம். பரிசு என்று எதுவும் இல்லை. ஓடி முடித்தவர் கையில் வினாடிக் கணக்கு அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டைக் கொடுப்பார்கள்.

"பதிமூணு செகண்டுல பறக்கறவரு, குளிச்சிட்டு வர முக்கா மணி நேரம் ஆகுது" என்பாள் அவர் மனைவி.

கார் ஒன்றும் விசேஷமானது இல்லை. பதினோரு வருடப் பழைய, சாம்பல் நிற, நான்கு கதவுக் குடும்ப வண்டி. பார்த்தால் பள்ளிக்கூட வாத்தியார் வண்டி போல இருக்கும். ஆனால் மூடியைத் திறந்தால் வேறு கதை. புகை வெளியேறும் வேகத்திலேயே சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவை அவரே பொருத்தியிருந்தார். அந்த அழுத்தத்திலும் கசியவிடாத கேஸ்கட், பெரிய ரேடியேட்டர், அகலமான புகைக்குழாய் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு மாதம் ஆயிற்று. ஆமை வேலை.

அதே கார்தான் மனைவியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனது. நான்கு வருடமாக அவளுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. திங்கள், புதன், வெள்ளி காலை ஆறரைக்கு டயாலிசிஸ் நாற்காலியில் இருக்க வேண்டும். அவர் டிப்போவில் மதிய ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவர் நன்றாகத்தான் கவனித்துக்கொண்டார். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. அவள் ஒரு நாளைக்குக் குடிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அளவுத் தண்ணீரை பாட்டிலில் கோடு போட்டு வைப்பார். தாகம் தாங்காதபோது வாயில் அடக்கிக்கொள்ளச் சின்னச் சின்ன ஐஸ் துண்டு செய்து வைத்திருப்பார். ஊசி எடுத்த இடத்தைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிப்பதில் நர்சை விட நிதானம். தினமும் காலையில் அவளுடைய இடது முழங்கைக்குக் கீழே இரண்டு விரலை வைத்துப் பார்ப்பார். டயாலிசிஸுக்காக இணைத்த ரத்தக்குழாய் அங்கே விர்ரென்று அதிர வேண்டும். அதிர்வு நின்றால் குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம்.

"ஐடிலிங் சரியா இருக்கு" என்பார், நின்றபடி ஓடும் என்ஜினைச் சொல்வது போல.

"சர்வீஸ் முடிஞ்சுதுன்னா கைய விடுங்க, வேலை கெடக்கு" என்பாள்.

ஒரே காரில் இரண்டு வேலை நடக்க ஒரு ஏற்பாடு இருந்தது. எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எந்த நொடியில் தீப்பொறி விழ வேண்டும் என்று என்ஜினுக்குச் சொல்வது ஒரு சின்னக் கணினிப் பெட்டி. அதற்குள் அவர் இரண்டு பட்டியல்கள் எழுதி வைத்திருந்தார். ஒன்று சாதாரண பங்க் பெட்ரோலுக்கு. மற்றது கேனில் வரும் பந்தயப் பெட்ரோலுக்கு. பின்னதில் தீப்பொறி முன்கூட்டியே விழும், சக்தி அதிகம். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பங்க் பெட்ரோலில் மிதித்தால், பெட்ரோல் நேரம் கெட்டு வெடித்து பிஸ்டனை உடைத்துவிடும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சுவிட்ச்.

கையில் ஊசி எடுத்த பிறகு ஒட்டும் வெள்ளை பிளாஸ்திரியில் இரண்டு துண்டு கத்தரித்து, மேலே 'வீடு', கீழே 'ரேஸ்' என்று பேனாவால் எழுதி ஒட்டியவள் அவள்தான்.

"எழுதி ஒட்டலேன்னா ஒருநாள் என்னை ஆஸ்பத்திரிக்குப் பதிலா உங்க ஃபினிஷ் லைன்ல எறக்கி விட்டுருவீங்க."

அவரும் தவறாமல் மாற்றினார். பந்தயம் முடிந்ததும் மேலே தட்டிவிட்டுத்தான் வீட்டுச் சாலைக்குத் திரும்புவார். மூன்று வருடம் அப்படி ஓடியது.

பன்னிரண்டு வினாடிக்குள் ஒருமுறை ஓடிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பதிமூன்றிலிருந்து பன்னிரண்டரைக்கு வந்தார், பன்னிரண்டு புள்ளி ஒன்றுக்கு வந்தார். பிறகு பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் ஆறில் வண்டி மாடு மாதிரி படுத்துவிட்டது. ஐந்து மாதம் நகரவில்லை.

மனைவியின் அண்ணன் டயர் கடை வைத்திருந்தார். பந்தயத்துக்குக் கூடவே வருகிறவர் அவர். அவர்தான் சொன்னார்: "மாப்ள, காத்த நல்லா ஊத்துறீங்க, அதுக்கேத்த பெட்ரோல் போகல. பெரிய இன்ஜெக்டர் போடுங்க. இல்லேன்னா இந்தப் பூஜ்யம் ஆறோடயே குடும்பம் நடத்துங்க."

இன்ஜெக்டர் என்பது பெட்ரோலைத் தெளிக்கும் குழல். பெரிதாக மாற்றினால் அதே நேரத்தில் இரண்டு மடங்கு தெளிக்கும். குழல் மாறியது கணினிக்குத் தெரியாது. அதனால் இரண்டு பட்டியல்களையும் புதிதாக எழுத வேண்டும். சனிக்கிழமை குழல்களை மாட்டி, ரேஸ் பட்டியலை எழுதி முடித்தார். அதற்குள் இருட்டிவிட்டது.

"வீட்டுப் பட்டியலு?" என்றார் மச்சான்.

"நாளைக்கு வந்து எழுதிக்கலாம் மச்சான். ஒரு மணி நேர வேலை."

"தங்கச்சிக்குத் திங்கக்கெழமை போகணும்."

"எனக்குத் தெரியாதா மச்சான்?"

ஞாயிற்றுக்கிழமை பந்தயம் தாமதமாகத் தொடங்கியது. மூன்றாவது ஓட்டத்தில் சீட்டு வந்தது: பதினொன்று புள்ளி தொண்ணூற்றேழு. மச்சான் அவரைத் தூக்கிச் சுற்றினார். திரும்பும் வழியில் பங்க்கில் பாதி டேங்க் சாதாரணப் பெட்ரோல் போட்டுக்கொண்டு, சுவிட்ச் ரேஸ் பக்கமே இருக்க, மெதுவாக ஓட்டி வீடு வந்தார்.

வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்பவர்களுக்கு வெள்ளியிலிருந்து திங்கள்தான் நீண்ட இடைவெளி. குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தேங்கும். காலில் இறங்கும், பிறகு நெஞ்சில் ஏறும். அவள் முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டியது. அவர் கட்டைவிரலால் அவள் கணுக்காலை அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"ரெண்டு நாளா ஐஸ் அதிகமாச்சு" என்று அவளே ஒப்புக்கொண்டாள். "விடிஞ்சா போகப்போறோம்தானே. சீட்டக் காட்டுங்க."

வாசித்துவிட்டு, தன் எடை எழுதும் நோட்டுப் புத்தகத்துக்குள் அதை வைத்துக்கொண்டாள். "ஒருவழியா பெத்துட்டீங்க. இனிமேயாவது தூங்குவீங்களா?"

வீட்டுப் பட்டியலை எழுத அவர் லேப்டாப்பைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். போன் வந்தது. டிப்போவிலிருந்து ஒருவர், பந்தயத்தில் பழக்கமான இன்னொருவர், பிறகு மச்சான் மறுபடியும். ஒவ்வொருவருக்கும் முதல் கியரிலிருந்து நான்காவது கியர் வரை சொன்னார். லேப்டாப் மடியில் இருக்க அப்படியே தூங்கிப்போனார். வாழ்க்கையில் அவர் அவசரமாகச் செய்த காரியம் அந்தத் தூக்கம் ஒன்றுதான்.

காலை ஐந்தே முக்காலுக்கு அவளைக் கைத்தாங்கலாக முன்சீட்டில் உட்கார வைத்து, பையை மடியில் வைத்து, சாவியைத் திருப்பினார். கார் இருமியது. கிளம்பவில்லை. சுவிட்சை வீட்டுப் பக்கம் தட்டிப் பார்த்தார். பழைய பட்டியல், புதிய குழல்: பெட்ரோல் வெள்ளமாகக் கொட்டி ஸ்பார்க் பிளக்குகள் நனைந்தன. ரேஸ் பக்கம் தட்டினார். குளிர்ந்த என்ஜினைக் கிளப்புவதற்கான கணக்கே அதில் எழுதவில்லை. ஞாயிறு உச்சி வெயிலில் கிளம்பியபோது அது தேவைப்படவில்லை; பந்தயத் திடலில் வண்டி எப்போதும் சூடாகத்தானே இருந்தது?

நான்கு பிளக்குகளையும் கழற்றித் துடைத்து அடுப்பில் காயவைத்து மறுபடி மாட்டினார். அவரைப் போல நிதானமான ஆளுக்கு அதற்கு முப்பத்தைந்து நிமிடம் பிடித்தது. ரேஸ் பக்கத்தில்தான் கடைசியில் உறுமிக்கொண்டு கிளம்பியது.

அவருடைய தவறு மறதியில் வந்ததில்லை. அவர் கணக்குப் போட்டார். டேங்கில் பாதி பந்தயப் பெட்ரோல், பாதி சாதாரணம். டர்போ காற்றைத் திணிக்காத அளவுக்கு மெதுவாக மிதித்தால் தாங்கும். அந்தக் கணக்கு சரியானதும்கூட. வேலை தெரியாதவன் ஆட்டோ பிடித்திருப்பான்.

"சுவிட்ச மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள். குனிந்து பார்க்க அவளுக்கு மூச்சு இல்லை.

"மாத்திட்டேன்" என்றார்.

முதல் பத்து நிமிடம் முட்டை மேல் நடப்பது போல ஓட்டினார். மேம்பாலம் ஏறும்போது மணி ஆறு நாற்பது. நாற்காலியை அரைமணி நேரத்துக்கு மேல் யாருக்காகவும் வைத்திருக்க மாட்டார்கள். முன்னால் ஒரு சிமெண்ட் லாரி தவழ்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அவள் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அடியில் ஈரமான கொரகொரப்பு கேட்டது. அவர் லாரியைத் தாண்ட மிதித்தார். நாலு வினாடிதான் இருக்கும்.

"டப்பாவுல கல்லப் போட்டுக் குலுக்கற மாதிரி என்னமோ..." என்றாள் அவள்.

அவர் காலை எடுப்பதற்குள் பிஸ்டன் உடைந்துவிட்டது. பின்கண்ணாடி முழுக்க நீலப் புகை. மேம்பாலத்தின் உச்சியில் கார் நின்றது.

எல்லோரும் வேலைக்கு ஓடும் நேரம். யாரும் நிறுத்தவில்லை. அவள் கதவைத் திறந்து, காலைத் தொங்கவிட்டு, முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். உதடு நீலம் பாரித்தது. பின்னால் வந்த சிமெண்ட் லாரிதான் நின்றது. டிரைவர் இறங்கி வந்து, ஒரு கேள்வி கேட்காமல் அவளைத் தூக்கி லாரி இருக்கையில் வைத்தார். அவர் தாண்டிப் போன அதே லாரி.

போய்ச் சேர்ந்தபோது ஏழே முக்கால். நாற்காலியில் வேறு ஒருவர் இருந்தார். அவளுக்கு ஆக்சிஜன் வைத்து அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். பதினொரு மணிக்குத்தான் ஒரு மிஷின் காலியானது. அதற்குள் நுரையீரல் நிறைந்து, இதயம் ஒருமுறை தடுமாறியிருந்தது. பிழைத்தாள். ஆனால் பழைய இதயம் திரும்பவில்லை. அதன் பிறகு பத்தடி நடந்தால் உட்கார வேண்டியிருந்தது.

எடை எழுத நோட்டைத் திறந்த நர்ஸ் உள்ளே இருந்த சீட்டைப் பார்த்தாள். "பதினொண்ணு புள்ளி தொண்ணூத்தேழா? இது என்னக்கா, எந்த லேபு டெஸ்ட்டு?"

"அது அவரோடது" என்று மட்டும் சொன்னாள்.

நான்காம் நாள் வீட்டுக்கு வந்தபின்தான் கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

"மாத்திட்டேன்னு சொன்னீங்களே."

அவர் ஆஸ்பத்திரிப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார்.

"மாத்தலேன்னு சொல்லியிருந்தா நான் ஆட்டோ கூப்பிடுங்கன்னு சொல்லியிருப்பேன். அவ்வளவுதான்."

மச்சான் வந்து திட்டுவார் என்று எதிர்பார்த்தார். மச்சான் வந்தார், தங்கச்சியைப் பார்த்தார், போகும்போது வாசலில் நின்று, "நாந்தான் மாப்ள இன்ஜெக்டர்னு வாயத் தொறந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது.

ஆஸ்பத்திரியின் வேன் ஒன்று நோயாளிகளை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு போகும். அவள் அதில் பெயர் கொடுத்துவிட்டாள். ஐந்து பேரை ஏற்றி வருவதால் முக்கால் மணி நேரம் முன்னாலேயே தயாராக வேண்டும். அவள் தயாராக இருந்தாள். கையில் அதிர்வைத் தானே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

அவர் என்ஜினை இறக்கி, முதலிலிருந்து கட்டினார். டர்போவைக் கழற்றினார். கம்பெனியில் வந்தபோது இருந்த பிஸ்டன் அளவு, கம்பெனி இன்ஜெக்டர், ஒரே பட்டியல். சுவிட்சையும் பிடுங்கினார். அது இருந்த இடத்தில் விரல் நுழையும் ஓட்டை மட்டும் இருந்தது. பக்கத்தில் 'வீடு' என்ற பிளாஸ்திரி ஓரம் கறுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஏழு வாரம் ஆயிற்று.

"இப்ப சுவிட்சே கிடையாது" என்றார் அவளிடம்.

"நல்லது."

"எந்தக் குளிர்லயும் முதல் திருப்புல கிளம்பும்."

"சரிங்க."

"வெள்ளிக்கெழமை வண்டியில போயிரலாமா?"

அவள் மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று டப்பாவில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். முடித்து, மூடியை அழுத்தி மூடிவிட்டுச் சொன்னாள். "வேன் வருதுங்க."

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு அவர் காரைக் கிளப்பினார். முதல் திருப்பில் கிளம்பியது. முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஐந்தேகாலுக்கு வேன் வந்தது. உதவியாள் படியை இறக்கிப் போட, அவள் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். திங்களும் அப்படியே. புதனும் அப்படியே. மாதங்கள் போயின. அவள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இல்லை, சமைக்காமல் இல்லை, சிரிக்காமல்கூட இல்லை. அந்தக் கதவுக்குள் மட்டும் வரவில்லை.

அவரும் விடவில்லை. வாரம் மூன்று நாள், ஐந்து மணிக்கு, கார் தயாராக ஓடிக்கொண்டிருக்கும். டிசம்பர் மாதத்தில் ஒருநாள் அவளை வேனுக்குச் சக்கர நாற்காலியில் கொண்டுபோக வேண்டியதாயிற்று. அவர்தான் தள்ளிக்கொண்டு போனார். திறந்திருந்த கார் கதவைத் தாண்டும்போது நாற்காலி ஒரு கணம் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் மறுபடி தள்ளினார்.

வேனில் ஏற்றிய பிறகு அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"என்னங்க."

அவர் ஓடிப்போய் நின்றார்.

"அத ஆஃப் பண்ணுங்க. பெட்ரோல் வீணாப் போகுது."